ஜூஸ் வேறு, ஓ.ஆர்.எஸ். வேறு



வெயில் காலம் வந்தால் நம் வீடுகளில் தண்ணீர் கேனுக்கும் ஜூஸுக்கும் ஆகும் செலவு கூடிவிடும். தாகத்துக்கு ஜூஸ் குடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கும் வெயிலில் துவண்டு வந்தவருக்கும் ஜூஸையே மருந்தாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்" என்று கேட்டு, ஸ்ட்ரா ஒட்டிய ஆரஞ்சு நிற அட்டைப் பெட்டியை வாங்கி வந்து, குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நிம்மதி அடையக் கூடாத இடம் அது. இதை ஒவ்வொரு குடும்பமும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அரசு ஏன் தடை போட்டது?

2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பழச்சாறு, குளிர்பானம், குடிப்பதற்குத் தயாராக விற்கப்படும் பானம் எதுவானாலும் அதன் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் இருக்கக் கூடாது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ வேறு எழுத்தைச் சேர்த்தும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அந்த உத்தரவு. அதற்கு முன் 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் இதே ஆணையம் சலுகை கொடுத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை இதுவல்ல என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டால், அந்த எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தச் சலுகை. பொடி எழுத்தில் இருக்கும் அந்த எச்சரிக்கையைப் பேதியில் துவளும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் எங்கே படிக்கப் போகிறார்?

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் அவர்களின் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. தம்மிடம் வரும் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் ஏன் குணமாகவில்லை என்று அவர் விசாரித்தார். பெற்றோர் கொடுத்தது இனிப்பு பானம் என்று தெரிந்தது. ஆணையத்துக்கு எழுதினார், உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தடை வந்த பிறகு நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றும் தடை நீங்கவில்லை. ஆனாலும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே நிறத்தில், அதே வடிவத்தில், அதே அலமாரியில் அந்தப் பானங்கள் இருக்கலாம். சட்டம் பெயரைத்தான் மாற்றும். வாங்கும் பழக்கத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

வயிற்றுப்போக்கின்போது உடலிலிருந்து போவது தண்ணீர் மட்டுமல்ல. சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளும் சேர்ந்து வெளியேறுகின்றன. எலெக்ட்ரோலைட் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் போன உப்பு திரும்பாது.

நம் சிறுகுடலின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துச் சேர்ந்தே நுழையும். அவை நுழைந்தால் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். கடுமையான பேதியிலும் இந்த வாசல் பெரும்பாலும் மூடிப் போவதில்லை. அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஓ.ஆர்.எஸ். இந்த வாசலைப் பயன்படுத்தித்தான் வேலை செய்கிறது. எனவே சர்க்கரையும் உப்பும் அளவோடு இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். மொத்தம் 20.5 கிராம். சாதாரணப் பழச்சாற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். சோடியமோ மிகக் குறைவு. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே தங்கி, உடலில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பேதி நிற்பதற்குப் பதிலாகக் கூடும். நல்லது செய்வதாக நினைத்துக் கொடுக்கும் பானமே குழந்தையை மேலும் வற்றச் செய்யும் என்பது இதனால்தான்.

அகதி முகாமில் கிடைத்த பாடம்

ஓ.ஆர்.எஸ். இவ்வளவு மலிவாக இருப்பதாலேயே சிலருக்கு அதன் மேல் மதிப்பு இல்லை. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்டு வாங்கினால்தான் மனம் ஆறுகிறது. அவர்களுக்காக ஒரு வரலாறு.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரப் பாங்கான் ஊரில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து தண்ணீரில் கலந்து பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை எடுத்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 2022இல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

பின்னர் வங்கதேசத்தில் பிராக் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் கலந்து கரைசல் தயாரிக்கும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கற்ற தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சோதித்தே அந்த ஊழியர்களுக்கு ஊதியம் தரப்பட்டது. எழுத்தறிவில்லாத கிராமத்துத் தாய்மார்கள் கற்றுக்கொண்டதை நம்மாலும் கற்றுக்கொள்ள முடியும், இன்ஷா அல்லாஹ்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது?

1. உண்மையான ஓ.ஆர்.எஸ். பெரும்பாலும் தூள் பாக்கெட்டாகவே வரும். உறையில் உலக சுகாதார நிறுவனத்தைக் குறிக்கும் 'டபிள்யூ.ஹெச்.ஓ.' எழுத்துகளும் மருந்து என்பதைக் காட்டும் 'ஐ.பி.' எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
2. 14 இலக்க உணவு உரிம எண்ணும் பழத்தின் படமும் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்தல்ல.
3. கடைக்காரரிடம் "ஜூஸ் வேண்டாம், தண்ணீரில் கலக்கும் ஓ.ஆர்.எஸ். தூள் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள்.
4. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பாக்கெட்டுகள் இலவசமாகவே கிடைக்கும். வாங்கி வைக்க வெட்கப்பட வேண்டாம்.

எப்படிக் கலப்பது, எவ்வளவு கொடுப்பது?

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. சுமார் 4 கிராம் உள்ள சிறிய பாக்கெட் 200 மில்லிக்கு. உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கலப்பது மிக ஆபத்து. உப்பு அளவு மீறிக் குழந்தைக்குக் கேடு விளையும். பாதித் தூளைப் போட்டு மீதியை மடித்து வைப்பதும் வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் கலந்து மூடி வையுங்கள். பால், ஜூஸ், சோடாவில் கலக்கக் கூடாது. மேலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது. கலந்த பின் சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. கைக்குழந்தைக்கு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. "பேதியானால் வயிற்றைக் காயப் போடு" என்ற பழைய பேச்சை விட்டுவிட்டு, கஞ்சி, இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் கொடுங்கள். குழந்தைகளுக்கு துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் 14 நாள் கொடுக்க வேண்டும். அளவை டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். முதலில் நாம் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே அது தாகத்துக்கு நல்லது, கடும் பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸின் இடத்தைப் பிடிக்காது.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை துவண்டு கிடப்பது, கண் குழிவது, அழுதாலும் கண்ணீர் வராதது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க இயலாத நிலை, நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அப்போது நரம்பில் ஏற்ற வேண்டியும் வரலாம். 108க்கு அழையுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை எந்த நேரமும் திறந்திருக்கிறது. ஆலோசனைக்கு 104 எண்ணும் உண்டு.

வெயிலில் உழைப்பவர்களுக்கு

நம் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் டெலிவரி வண்டியிலும் உழைப்பவர்கள் அதிகம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சும்மா அல்ல. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடித் தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், உப்பு கலந்த எலுமிச்சைச் சாறு, கஞ்சி போதும். பல மணி நேரம் வியர்த்துத் துவண்டால் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். தினசரிப் பானமாக அது வேண்டாம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பழக்கப்படுத்தக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் இளநீரையும், சர்க்கரை நோயாளிகள் ஜூஸையும் அப்படியே கருத வேண்டும். உடல் கொதித்து, பேச்சு குழறி, மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் நிழலில் கிடத்தி, உடலில் நீர் ஊற்றி விசிறி, 108ஐ அழையுங்கள்.

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,300க்கும் மேற்பட்ட ஹாஜிகள் மரணமடைந்ததாக சவூதி அரசே அறிவித்தது. ஹஜ், உம்ரா செல்வோர் குடையோடு பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளையும் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

நோன்பு காலத்தில்

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஸுன்னத். அதன் பின் நம் நோன்புக் கஞ்சி. நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் அதில் இருக்கின்றன. சிவப்பும் பச்சையுமாகக் கரைக்கும் சர்பத்தைச் சிறு கோப்பையோடு நிறுத்தி, இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். தாகம் வராமல் இருக்க ஸஹரில் ஓ.ஆர்.எஸ். குடிக்கத் தேவையில்லை. கடும் பேதி கண்டவர் நோன்பைப் பிடித்துக்கொண்டு உயிருக்குப் போராட வேண்டாம். நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்குர்ஆன் (2:185) தெளிவாகச் சலுகை தருகிறது. ஐயம் இருந்தால் இமாமிடம் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

அடையாற்றங்கரையில் வாழும் நமக்கு வெயில் போனால் மழை. மழை வந்தால் குடிநீரில் கழிவுநீர் கலக்கும் அச்சம். 2015 டிசம்பர் வெள்ளத்தை எவரும் மறக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டு முழுவதும் ஐந்து பாக்கெட்டுகளும் ஒரு லிட்டர் அளவு பாட்டிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வீட்டில் உள்ள மூத்த பிள்ளைக்கும் கலக்கும் முறை தெரிந்திருக்கட்டும். தண்ணீர்ப் பந்தல் வைக்கும் இளைஞர்கள் கலர் ஜூஸுக்குப் பதிலாக நீர்மோர் வழங்கட்டும். மறைந்த தாயாரின் பெயரால் ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கிணறு வெட்டி வைத்த செய்தி நாம் அறிந்ததே. தாகம் தீர்ப்பது ஸதகா. சரியான பானத்தால் தீர்ப்பது அதை முழுமையாக்கும்.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்