பழைய டிராக்டர் இஞ்சினில் ஜலம் குறைவதன் காரணமறிதல்

காவேரியின் கடைமடையாகிய காரைக்கால் பகுதிக்கு மேட்டூர் ஜலம் தாமதித்தே வந்துசேர்வதுண்டு. வந்தபின் சேற்றுழவு நடக்கும் சில நாட்களில் டிராக்டர் நின்றுவிடுமாயின் நாற்று முற்றிப்போம். ஆயினும் ரேடியேட்டரில் ஜலம் தினந்தோறும் குறையக் கண்டும், மேலும் ஊற்றி ஓட்டுவதே பலருக்கு வழக்கமாயிருக்கிறது.

முதலில் வெளிக்கசிவைத் தேடவேண்டும். இரவில் இஞ்சினடியில் உலர்ந்த அட்டையை விரித்துவைத்தால், காலையில் கறையே இடத்தைக் காட்டும். ரப்பர்க் குழாய்களின் பிடிப்புகளையும் ரேடியேட்டரின் அடித்தொட்டியையும் சோதிக்க. ஜல பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் சொட்டினால் உள் ஸீல் தேய்ந்ததென்று அறிக. அத்துவாரத்தை அடைத்துவிடுவோரும் உளர்; அங்ஙனம் செய்தால் ஜலம் பேரிங்கிற்குள் புகும்.

மூடியின் ரப்பர் கெட்டாலும் ஜலம் குறையும். 0.5 பார் அழுத்தம் தாங்கும் மூடியிருப்பின் ஜலம் ஏறக்குறைய 111 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கும். அழுத்தம் நில்லாவிடில் 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துபோம். சூடான இஞ்சினில் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

வெளியில் ஈரமேயில்லையெனில் ஜலம் உள்ளே போகின்றதெனச் சந்தேகிக்க. ஆறிய இஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்க்குங்கால் குமிழிகள் இடைவிடாது எழுதல், சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமை ஆகியவை ஸிலிண்டர் ஹெட் காஸ்கெட்டின் பழுதைக் குறிக்கும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலோ அந்நிமிஷமே இஞ்சினை நிறுத்துக. ஜலம் கலந்த எண்ணெயால் பேரிங்குகள் தேய்ந்து, செலவு பன்மடங்காகும்.

கடலோரக் கிணறுகளின் உப்புஜலத்தை ரேடியேட்டரில் ஊற்றலாகாது. அது உலோகத்தை அரித்துப் புதுக் கசிவுகளை உண்டாக்கும். வடித்த ஜலத்துடன் கூலண்ட் திரவத்தை உரிய அளவு கலந்து ஊற்றுக.