பாட்டு வகுப்பு வேண்டாமென்ற குரல்

பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் 'உஷா ஐயர்' என்ற பெயரைக் கண்டால், யாரோ கச்சேரிப் பாடகி என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். 'அஞ்சலி' (1990) படத்தில் இளையராஜா இசையில் 'வேகம் வேகம் போகும்' பாடினாரே, அந்த உஷா உதுப்தான் இவர். ஆரம்ப காலத் தட்டுகளில் இப்பெயர்தான் இருக்கும்.

பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண். 1968இல் 'ஜம்பலாயா', 'கிரீன்பேக் டாலர்' என்ற இரு ஆங்கிலப் பாடல்களுடன் இவருடைய முதல் தட்டு வந்தது. மறு ஆண்டு சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் பாடினார். பாப்பும் ஜாஸும் பாடும் அந்த மேடையில் புடவையோடு போய் நின்றாராம்! அந்தத் துணிச்சலை என்னவென்பது?

ஜாஸ் என்றதும் அது பணக்காரர் சங்கதி என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அமெரிக்காவில் பருத்தி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் சந்ததியார் வளர்த்த இசை அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் உரிமை இல்லையா, என்ன?

ஆனால் ஆசிரியனான எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உஷாவைப் பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். குரல் கனம், மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை. நல்ல வேளையாக, இவளிடம் இசை இருக்கிறது என்று கண்ட ஆசிரியை தாளம் தட்டும் கருவிகளைக் கையில் கொடுத்தார்.

நம் பக்கம் தேவாரப் போட்டி வந்தால் கீச்சுக் குரலுக்குத்தான் முன்வரிசை. "ஆம்பிளை மாதிரி கத்தாதே" என்று தாய்மாரே அடக்குகிறார்கள். ஒருநாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் உஷாவின் தட்டைப் போட்டேன். "ஐயா, இது ஆம்பிளையா பொம்பளையா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒரு கட்டைக் குரல் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்கையா" என்றாள். பால்மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. இப்போது பள்ளிப் பாட்டுக் குழுவில் இருக்கிறாள், முன்வரிசையில்.

உஷாவுக்கு 2024இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அறிவித்தது.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் ஊசி துள்ளும். வீட்டில் நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைச் சூட்டில் படுக்கப் போட்டால் அப்பளம்போல் நெளிந்துவிடும்.