திருநெல்வேலியில் அலிபாக்கைக் கழித்தால்...
(காந்தப் புலத்தை அளக்கும் கருவிகள் பற்றி ஒரு கட்டுரை)

திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் என்ன உறவு என்று கேட்டால், ரயிலும் மணியார்டரும் கல்யாணப் பத்திரிகையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். இன்னொரு உறவும் உண்டு. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் பூமியின் காந்தப் புலத்தை அளக்கிறார்கள். மும்பைக்குத் தெற்கே அலிபாகிலும் அளக்கிறார்கள். பகலில் அங்கே கூடுகிற அளவிலிருந்து இங்கே கூடுகிற அளவைக் கழித்தால், நம் தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஒரு மின்னோட்டத்தின் வலிமை கிடைக்கிறது!

பல வருஷம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், அந்த அளவைகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதை மலர் வாசகர்களுக்கு விளக்க ஆசைப்படுகிறேன். ஒரு சூத்திரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தை அளக்கும் கலையில் பாதி, கழித்தல் கணக்குதான்.

எவ்வளவு சிறிய சமாசாரம்?

காந்தப் புலத்தின் அலகு டெஸ்லா. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எந்திரம் பொதுவாக 1.5 டெஸ்லா. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம் அதில் சில நூறில் ஒரு பங்கு. பூமியின் புலம் அந்தப் பொம்மையைப் போல நூறில் ஒரு பங்குதான்! அதனால் நானோ டெஸ்லாவில், அதாவது டெஸ்லாவின் நூறு கோடியில் ஒரு பங்கில், கணக்கிடுகிறார்கள். மும்பையில் அது நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். தேட வேண்டிய மாற்றமோ சில பத்து நானோ டெஸ்லா. பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருந்தாலே கதை கந்தல்.

காஸ் சொன்ன தந்திரம்

நூலில் தொங்கவிட்ட காந்த ஊசியை லேசாகத் தட்டினால் ஊசலாடும். பூமியின் புலம் வலுவாக இருந்தால் வேகமாக ஆடும். ஆனால் ஊசியின் காந்தம் வலுவாக இருந்தாலும் வேகமாகத்தான் ஆடும். எது யாருடைய வேலை என்று எப்படிப் பிரிப்பது?

1832-ல் ஜெர்மனியின் கணித மேதை காஸ் வழி கண்டார். முதலில் ஊசலாடும் நேரத்தை அளந்தால், இரண்டு வலுவையும் பெருக்கிய தொகை கிடைக்கும். பிறகு அதே காந்தத்தை வேறொரு சிறு ஊசியின் பக்கத்தில் வைத்து, அது எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்த்தால், ஒன்றை மற்றதால் வகுத்த ஈவு கிடைக்கும். பெருக்கினால் 12, வகுத்தால் 3 என்றால்? காந்தம் 6, பூமி 2. அவ்வளவுதான்! கருவியின் சொந்த பலம் தானாகக் கழிந்து போகிறது.

கொலாபாவும் டிராம் வண்டியும்

1826-ல் கொலாபாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய வானாய்வகத்தில் 1841-ல் காந்த அளவைகள் தொடங்கின. தொங்கும் காந்தங்களைக் கண்ணால் பார்த்து, மணிக்கு மணி குறித்து வைத்தார்கள். 1859 செப்டம்பர் 1-ல் கரிங்டன் என்ற ஆங்கிலேயர் சூரியனில் ஒரு பெரும் வெடிப்பைக் கண்டார். மறுநாள் கொலாபாவில் காந்தப் புலத்தின் கிடைக் கூறு சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது. கிரீனிச்சில் புகைப்படத் தாளில் பதிந்துவந்த கோடு தாளுக்கு வெளியே ஓடிவிட்டது. பம்பாயில் மனிதர் உட்கார்ந்து எழுதியதால் எண்கள் தப்பின. அந்தப் பெரும் காந்தப் புயல் எவ்வளவு கடுமையானது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் கொலாபாவின் ஏட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

பிறகு வந்தது டிராம். 1907 மே 7-ல் பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் வழியே திரும்பும் மின்சாரம் மண்ணிலும் கசியும். கசியும் மின்சாரம் காந்தப் புலத்தை உண்டாக்கும். சூரியன் சொல்வதைக் கேட்க வைத்த காதில் டிராம் சத்தம்! இது வரும் என்று முன்கூட்டியே உணர்ந்து, இயக்குநர் நானாபாய் மூஸ் ஆய்வகத்தை நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி அலிபாகுக்கு மாற்றினார். காந்தத்தைப் பாதிக்காத பொருள்களால் அங்கே கட்டடம் எழும்பியது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்து, வித்தியாசத்தைக் கணித்து, பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் சேர்த்துத் தைத்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு வருஷப் பொறுமைதான். அது இல்லாவிட்டால் இந்தத் தொடர் நடுவில் அறுந்து போயிருக்கும். பம்பாயின் டிராம் 1964-ல் நின்றுவிட்டது. அலிபாகின் ஏடு நிற்கவில்லை.

ஊறிய பஞ்சும் சுழலும் பம்பரமும்

இன்றைய ஆய்வகங்களில் முக்கியமான கருவி ஃபிளக்ஸ்கேட். தண்ணீரில் ஊறிய பஞ்சு ஓரளவுக்கு மேல் குடிக்காது அல்லவா? சில உலோகக் கலவைகளும் ஓரளவுக்கு மேல் காந்தத்தை ஏற்காது. அப்படிப்பட்ட இரண்டு சிறு தண்டுகளில் எதிரெதிர் திசையில் கம்பி சுற்றி, மாறுமின்னோட்டம் செலுத்தி, இரண்டையும் மாறி மாறி 'ஊற' வைக்கிறார்கள். வெளியே புலம் எதுவும் இல்லையென்றால் ஒன்றின் விளைவை மற்றது சரியாக ரத்து செய்துவிடும். வெளிப்புலம் இருந்தால் ஒரு தண்டு கொஞ்சம் முந்தி ஊறிவிடும். கழித்து மிஞ்சும் அந்தச் சிறு மின்சமிக்ஞைதான் விடை.

இன்னொன்று புரோட்டான் காந்தமானி. ஒரு குப்பியில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ எடுத்து, சுற்றிலும் கம்பிச்சுருள் போட்டு, சில விநாடி மின்சாரம் செலுத்தி நிறுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனின் புரோட்டான்கள் தலைசாய்ந்த பம்பரம் போல் வட்டமிடும். 40,000 நானோ டெஸ்லாவில் விநாடிக்குச் சுமார் 1,700 தடவை! ஸ்பீக்கரில் இணைத்தால் விசில் மாதிரி காதில் கேட்கும். ஃபிளக்ஸ்கேட் திசையைச் சொல்லும், ஆனால் நாளாக ஆக அளவு கொஞ்சம் நழுவும். புரோட்டானுக்குத் திசை தெரியாது, ஆனால் மூப்பும் கிடையாது. அதனால் ஒன்றுக்கொன்று துணையாக இரண்டையும் வைக்கிறார்கள்.

சட்டைப் பையிலும் ஒரு காந்தமானி

"தாத்தா, போன்ல காம்பஸ் இருக்கே, முள் எங்கே இருக்கு?" என்று எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் கேட்டான். முள்ளே கிடையாது. பல போன்களில் இருப்பது 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு. மெல்லிய தகட்டில் மின்சாரம் ஓடும்போது காந்தப் புலம் எலக்ட்ரான்களை ஓர் ஓரமாகத் தள்ளும். அதனால் இரண்டு ஓரத்துக்கும் நடுவே தோன்றும் சிறு மின்னழுத்தம் புலத்தின் அளவைச் சொல்லும்.

போனை எட்டு போடுவது போல் சுழற்றச் சொல்கிறதே, அது ஏன்? போனின் ஸ்பீக்கரிலேயே காந்தம் இருக்கிறது. போனைத் திருப்பும்போது அந்தக் காந்தமும் கூடவே திரும்பும், ஆனால் பூமி திரும்பாது. மாறாமல் கூடவே வருவது எதுவோ அதைக் கழித்துவிட்டால் மிச்சம் பூமி. பாருங்கள், மறுபடியும் கழித்தல்!

2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட நம் ஆதித்யா எல்-1 விண்கலத்திலும் இதே கதைதான். விண்கலத்தின் சொந்தக் காந்தம் தொந்தரவு செய்யாமலிருக்க, 6 மீட்டர் நீளக் கையை நீட்டி, 3 மீட்டரில் ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு ஃபிளக்ஸ்கேட் உணரிகளை வைத்திருக்கிறார்கள். கலத்தின் காந்தம் பக்கத்தில் இருப்பதில் கூடுதலாகவும் நுனியில் குறைவாகவும் தெரியும். அதை வைத்துக் கழித்துக்கொள்ளலாம். அலிபாகுக்குப் போன அதே காரணம்தான்!

நெல்லைக் கணக்கு

இனி தொடக்கத்தில் சொன்ன கழித்தலுக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே, பகலில், வான்வெளியின் மின்னூட்டம் பெற்ற அடுக்கில் கிழக்கு நோக்கி ஒரு குறுகிய மின்னோட்டம் பாய்கிறது. இந்த வாய்ப்பை அந்தக் காலத்திலேயே பயன்படுத்தியவர் திருவிதாங்கூர் அரசின் வானாய்வாளர் ஜான் ஆலன் பிரவுன். 1855-ல் நம் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியிலேயே காந்த ஆய்வகம் அமைத்தார். இன்று இந்திய புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் அந்த வேலையைத் தொடர்கிறது. சூரியனால் வரும் பொதுவான மாற்றங்கள் நெல்லையிலும் அலிபாகிலும் தெரியும். அந்த மின்னோட்டமோ நெல்லைக்கு மட்டுமே நேர் மேலே. அதனால் கழித்தால் அது தனியாக வந்து நிற்கிறது.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். 1989 மார்ச் 13-ல் காந்தப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாநில மின்கட்டமைப்பையே சாய்த்தது. சுமார் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருட்டில். 2024 மே மாதத்தில் வந்த பெரும் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் செந்நிறத் துருவ ஒளியே தெரிந்தது. 1859 போல ஒன்று மறுபடி வந்தால் மின்மாற்றிகள் தாங்குமா என்று கணக்குப் போடும் பொறியாளருக்கு, கொலாபாவில் பெயர் தெரியாத யாரோ எழுதிவைத்த எண்கள்தான் கைப்பிடி.

அடுத்த விடுமுறையில் கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகேறி அலிபாக் போகிறவர்கள், கடற்கரையோடு திரும்பிவிடாமல், அந்த ஆய்வகம் எதற்காக அங்கே போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஊருக்குப் போனால் கிருஷ்ணாபுரத்தையும் காட்டுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்றின் கணக்கு முடிவதில்லை.