உயிரிரையும் பொய்யிரையும்

தூண்டுவது எதுவோ அதுவே தூண்டில். பெயரிட்ட முன்னோர் முள்ளையும் நூலையும் நோக்காது, மீனின் ஆவலைக் கிளறும் தொழிலையே நோக்கினர் போலும். இன்று குளக்கரையில் நிற்போர் பலரோ கோலுக்குப் பணம் செலவிட்டு, தூண்டும் பொருளாகிய இரையை மட்டும் கைக்கு அகப்பட்டபடி கொள்கின்றனர். பொழுதெல்லாம் நின்று வெறுங்கையோடு மீள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சட்டியில் முழுதாகக் கிடத்திப் பொரிக்கத்தக்க நன்னீர்ச் சிறுமீன்களைப் பற்றியே ஈண்டுப் பேசுகிறோம். அமெரிக்கர் அவற்றைச் 'சட்டி மீன்' என்னும் பொருள்படவே வழங்குவர். நம் குளங்களில் கெண்டையும் பனையேறியும் திலாப்பியாவும் அவ்வளவின.

முதலில் நோக்கத்தக்கது மீனின் வாய். கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் வாய் சிறிது. பெரிய முள்ளில் நீண்ட புழுவைக் கோத்தால் அதன் வாலைக் கொறித்துவிட்டு அகலும்; தக்கை ஆடும், மீன் வாராது. 8, 10 என எண்ணிட்ட முட்களும் அவற்றை மறைக்குமளவு புழுத்துண்டுமே போதும். இவ்வரிசையில் எண் ஏற ஏற முள் சிறுக்கும். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

உயிரிரைகளுள் தலையாயது மண்புழு. பழந்தமிழர் நாங்கூழ் என்றதனை யாழ்ப்பாணத்தார் நாக்கிளிப்புழு என்பர். அதற்கு நெளிவும் உண்டு, மணமும் உண்டு. மழை பெய்து இரணைமடு போன்ற குளங்கள் கலங்கிக் கிடக்கையில் மீனுக்குக் கண் உதவாது, மணமே வழிகாட்டும். அப்போது மண்புழுவை விஞ்சும் இரை அரிது. பனையேறிக்கு வெட்டுக்கிளியும் உகந்தது. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியாவோ பாசியையும் அடிப்படிவையும் மேய்வது. பிசைந்து உருட்டிய பாணுக்கே வந்துவிடும்.

இனிப் பொய்யிரை. இறகாலும் மயிராலும் கட்டிய ஈ, மென்பிளாத்திக்குப் புழு, மின்னும் உலோகக் கரண்டி எனப் பலவகை. கரண்டிக்கு 1852இல் காப்புரிமை பெற்றவர் யூலியோ பியூல் என்னும் அமெரிக்கர். சூதில் வரும் வெற்றியை மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அங்கே பொன் என்றது இரும்பை என்பர் பரிமேலழகர். அஃது இரைக்குள் மறைந்திருப்பது. பியூலின் கரண்டியிலோ மறைப்பே இல்லை. உலோகமே இரையாய் ஆடுகின்றது. அவ்வாட்டத்தைத் தருவது மனிதன் கை. ஆதலால் தெளிந்த நீரும் பொறுமையான கையும் இல்லாதவனுக்குப் பொய்யிரை வீண்செலவு. கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

பசி மட்டுமே மீனை முள்ளுக்குக் கொணரும் என்றும் எண்ணற்க. இனம்பெருக்கும் காலத்தில் ஆண் திலாப்பியா குளத்தடியில் குழி தோண்டிக் காத்து நிற்கும். அதனுள் எது வரினும் சினந்து கவ்வும். அங்கே சிறு பொய்யிரை நன்கு பலிக்கும். முட்டைகளை வாயிற் சுமக்கும் பெண்மீனுக்கோ எவ்விரை இட்டும் பெரும்பாலும் பயனில்லை. அதனை அதன்போக்கில் விடுதலே தக்கது. அடுத்த ஆண்டின் மீன் அதன் வாயில் இருக்கின்றது.

அகன்ற வாயுடைய விராலுக்கு உயிர்த்தவளையை முள்ளிற் குத்தி விடுவோர் உளர். இறப்பர்த் தவளை கடையில் விற்கும் காலத்தில் இக்கொடுமைக்கு நியாயம் காண்கிலேன். ஆயினும் பொய்யிரை குற்றமற்றதன்று. அறுந்து வீழும் பிளாத்திக்குப் புழு நெடுங்காலம் மக்காது குளத்திற் கிடக்கும். உடன்கட்டும் ஈயக்குண்டு அதை விழுங்கும் நீர்ப்பறவைக்கு நஞ்சு.

மண்புழுவை ஈரமண் இட்ட சிரட்டையில் நிழலில் வைத்தால் மாலைவரை வாடாது. மீந்தவற்றை அகழ்ந்த இடத்திலேயே விட்டுவிடலாம். இரைக்கெனப் பிடித்த சிறுமீன் மீந்தால் மட்டும், வேற்றுக் குளத்தில் அதை விடற்க.