பத்து வயதானால் பாஸ்புக் பிள்ளையின் கையில்

வங்கக்கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களில் நகை அடகுக்குப் போவதும் வட்டிக்குக் கடன் வாங்குவதும் அந்த நாட்களில்தான் கூடும். வீட்டில் நடக்கும் கடன் பேச்செல்லாம் பிள்ளைகளின் காதில் விழுகிறது. பள்ளியில் வட்டிக் கணக்கும் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

நூற்றுக்கு ஐந்து வட்டி என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். 10,000 ரூபாய் வாங்கியவர் ஒரு வருடத்தில் வட்டியாக மட்டும் 6,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

பத்து வயது நிரம்பிய சிறுவரும் சிறுமியரும் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த, வங்கிகள் தம் விதிகளுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டு அனுமதிக்கலாம் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. அஞ்சலகத்திலும் 500 ரூபாயில் தொடங்கலாம். சிறார் கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க விடக்கூடாது. 18 வயது நிரம்பாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கடன் செயலியில் பிள்ளை சிக்கிக்கொண்டு யாராவது மிரட்டினால், பயந்து பணம் கட்டாமல் காவல்துறையிடம் போங்கள்.

இப்போது பெரிய ஆபத்து வாடகைக் கணக்கு. “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக்கொடு, கமிஷன் தருகிறேன்” என்று யாராவது கேட்டால் அது பெரும்பாலும் மோசடிப் பணம். கணக்கு முடங்கும், விசாரணை வீட்டு வாசலுக்கு வரும். ஏ.டி.எம். அட்டை, ஓ.டி.பி., யு.பி.ஐ. ரகசிய எண் எதையும் நண்பனுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஓ.டி.பி.யை நாமே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் புகார் செய்தபின் ஏற்படும் இழப்புக்கு வங்கியே பொறுப்பு. பிள்ளை பயந்து மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்; அதனால் முதலில் திட்டாதீர்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் அறிய 14448.

இதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க முடியும். காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஆறாம் வகுப்பிலிருந்தே நிதிக் கல்விக்குச் சி.பி.எஸ்.இ. புத்தகம் வைத்திருக்கிறது; தேசிய நிதிக் கல்வி மையமும் பள்ளிகளுக்கெனத் திட்டம் நடத்துகிறது. காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் நிதிக் கல்வி வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.