சொல்லுக்கு முன் அசைவு

பள்ளி நாடகம் என்றதும் வசனத்தை மனனஞ் செய்வதே பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. நாவன்மை வாய்ந்த நால்வர் பேசுவர். ஏனையோர் காவலராய் ஓரத்தில் நிற்பர். நேயர்களே, இது நம் கூத்து மரபன்று.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல, மத்தளம் முழங்க, பாத்திரம் வட்டக்களரியில் தோன்றும். அதன் இயல்பை வரவு ஆட்டமே உணர்த்திவிடும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். விடியும்வரை ஆடும் வழக்கத்தைச் சுருக்கினாரேயன்றி, ஆட்டத்தைக் கைவிட்டாரல்லர்.

வகுப்பறைக்கும் இதுவே வழி. வத்தளையை அடுத்த கடற்கரையில் கரைவலை இழுப்போரை மாணவர் உற்றுநோக்கட்டும். கால் பின்வாங்குதல், உடல் சாய்தல், கை மாற்றிப் பிடித்தல் ஆகிய மூன்றையும் எட்டு எண்ணிக்கைக்குள் அமைத்து, வரிசையாய் நின்று ஆடட்டும். வலை கனத்தால் தாளம் தளரும். கயிறு அறுந்தால் வரிசை குலையும். அங்கே கதை பிறக்கும். காரணமற்ற அசைவு அழகாயிருப்பினும் நீக்கத்தக்கதே.

இவ்வரிசையிலே, பேசத் தயங்கும் பிள்ளைக்கும் கயிற்றில் ஒரு பிடி உண்டு. அப்பிடி தளர்ந்தால் ஆட்டமே தளரும் என்பதை அப்பிள்ளை தானே உணரும்.