செயலி எந்த நிலையில் இருக்கிறது? பெயரிலேயே தெரியட்டும்

வாட்ஸ்அப்பில் இருப்பவர் சிக்னலில் இருப்பவருக்குச் செய்தி அனுப்ப முடியாது. மின்னஞ்சலில் இந்தச் சுவர் இல்லை. உடனடிச் செய்திக்கும் சுவரில்லாத வழி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. ஜெரமி மில்லர் 1999இல் 'ஜாபர்' என்று தொடங்கியதுதான், 2004இல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரநிலையானது.

இந்த நெறிமுறையின் அடிப்படை மிகச் சிறியது: உள்நுழைவது, செய்தி அனுப்புவது, யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று காட்டுவது. மற்றதெல்லாம் எண்ணிட்ட நீட்டிப்புகள். ஒரே செய்தி கைப்பேசியிலும் கணினியிலும் தெரிய 0280 வேண்டும். பழைய உரையாடல்கள் சர்வரில் சேமிக்கப்பட 0313. ரயிலில் சிக்னல் போய்த் திரும்பும்போது செய்தி தொலையாமலிருக்க 0198. படம் அனுப்ப 0363. இப்படி நானூறுக்கும் மேல்.

சிக்கல் இங்கேதான். இரண்டு செயலிகள் வெவ்வேறு நீட்டிப்புகளுடன் வந்தாலும், இரண்டும் 'எக்ஸ்எம்பிபி' என்றே சொல்லிக்கொள்ளும். ஒன்றிலிருந்து அனுப்பிய படம் மற்றதில் திறக்காது. பயனர் நெறிமுறையையே குறை சொல்லிவிட்டு வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார்.

இதற்காகத்தான் எக்ஸ்எம்பிபி தரநிலை அறக்கட்டளை, எந்தெந்த நீட்டிப்புகள் வேண்டும் என்று சொல்லும் 'இணக்கத் தொகுப்பு' வெளியிடுகிறது. அடிப்படை, இணையம், உடனடிச் செய்தி, கைப்பேசி, ஒலி-ஒளி அழைப்பு என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 'அடிப்படை நிலை', 'மேம்பட்ட நிலை' என்று இரண்டு படிகள். செயலிக்கும் சர்வருக்கும் தனித்தனியே. தொகுப்பின் பெயரில் ஆண்டும் சேரும். 2023ஆம் ஆண்டுத் தொகுப்பின் எண் 0479. ஆண்டைச் சேர்த்தது மிகச் சரியான முடிவு. இன்று மேம்பட்ட வசதியாகத் தெரிவதை நாளை எல்லோரும் சாதாரணமாக எதிர்பார்ப்பார்கள். ஆண்டு இல்லாத 'மேம்பட்ட' முத்திரையோ கைவிடப்பட்ட மென்பொருளின் மீதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த முத்திரை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 2005இல் வந்த கூகுள் டாக் எக்ஸ்எம்பிபியில்தான் ஓடியது. அந்தப் பெயரே போதுமான உத்தரவாதம். 2013இல் கூகுள் ஹேங்அவுட்ஸுக்கு மாறி விலகிய பிறகு கான்வர்சேஷன்ஸ், கஜிம், டினோ, மோனல் போன்ற சிறு திட்டங்களே களத்தில் நிற்கின்றன. அவற்றைப் பொதுமக்கள் பெயரால் அறியமாட்டார்கள். அந்த உத்தரவாதத்தை இனி இணக்க நிலைதான் தர வேண்டும்.

ஆனால் 'மேம்பட்ட கைப்பேசிச் செயலி, 2023' என்ற வரி நிரலாளர்கள் படிக்கும் ஆவணத்திலேயே தங்கிவிடுகிறது. அது செயலியைப் பதிவிறக்கும் பக்கத்தில், முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். நம்பகத்தன்மையும் ஒரு கேள்வி: நிலையை அறிவிப்பவர் பெரும்பாலும் மென்பொருளை உருவாக்கியவரேதான். சர்வர்களுக்கு மட்டும் நல்ல வழி பிறந்திருக்கிறது. கான்வர்சேஷன்ஸ் திட்டத்திலிருந்து வந்த சோதனைக் கருவி, சர்வரில் எந்த நீட்டிப்பு இருக்கிறது, எது இல்லை என்று வெளியிலிருந்தே சோதித்து எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறது. எந்த விளம்பரத்தையும்விட இதுவே வலிமையானது என்பது என் எண்ணம். செயலிகளை இப்படி இயந்திரத்தால் சோதிப்பது கடினம். மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

புதிதாக வருபவர் செயலியை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நல்ல செயலியானாலும் சர்வரில் 0313 இல்லையென்றால், புதுக் கைப்பேசி வாங்கிய அன்று பழைய செய்திகள் அங்கிருந்து இறங்கி வராது. ஆகவே இலவசக் கணக்கு தரும் சர்வர்களும் தங்கள் நிலையையும் அதன் ஆண்டையும் பதிவுப் படிவத்துக்கு மேலேயே எழுதி வைக்க வேண்டும்.